நீரிடைச் சமநிலை

நிமிர்ந்து நிற்றலே மனிதனுக்குப் பெருமை என்பது நிலத்தின் நியதி. நீருக்குள் அந்நியதி செல்லாது. அங்கே நிமிர்ந்தபடி செல்ல முனைபவன் தன் உடலின் முழுப்பரப்பாலும் நீரைத் தள்ளவேண்டும், விரைவிற் களைத்துப்போவான், காற்செட்டைகளால் அடித்தளத்தையும் கலக்கிவிடுவான். கிடையாக மிதக்கக் கற்றவனே நல்ல சுழியோடி.

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவிலே சில்ஃப்ரா என்றொரு பிளவுண்டு. வட அமெரிக்க, யூரேசியத் தகடுகள் ஒன்றையொன்று விலகிச் செல்லும் நிலப்பகுதி அது. லாங்யோகுல் பனியாற்றின் உருகுநீர் எரிமலைப் பாறையினூடே பல்லாண்டுகள் கசிந்து வந்து அப்பிளவை நிரப்புகின்றது. அந்நீரில் 100 மீற்றருக்கு அப்பாலும் பார்வை செல்லும். அதன் வெப்பநிலையோ 2 முதல் 4 பாகை செல்சியஸ் மட்டுமே. ஆதலால், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர்புகாது இறுக மூடிய உலருடை அங்கு இன்றியமையாதது. அவ்வுடைக்குள் அடைபட்ட வளியே குளிரைத் தடுக்கும் போர்வை. அதுவே பகையாக மாறுதலும் உண்டு.

உலருடையில் அதிகம் பழகாத மாணவன் ஒருவன் அப்பிளவில் இறங்கினான். அமிழமாட்டோமோ என்ற அச்சத்தால், தேவைக்கு மிஞ்சிய ஈயக்கட்டிகளை இடுப்பிற் கட்டியிருந்தான். பாரம் கீழே இழுத்தது. அதனை ஈடுசெய்ய உடைக்குள் மேலும் வளியை ஏற்றினான். வளி ஓரிடத்தில் அடங்கி நிற்பதன்று. தலை சற்றுத் தாழ்ந்ததும் அது பாதங்களை நோக்கிப் பாய்ந்தது. தலைகீழாக அவன் மேலெழத் தொடங்கினான். வளியை வெளியேற்றும் வால்வு இடக்கையின் மேற்புறத்தில், வளியோ பாதங்களில். 10 மீற்றர் ஆழத்தில் ஒரு பங்காயிருக்கும் வளி, நீர்மட்டத்தில் இரு பங்காகும். பாடசாலையில் மனனஞ்செய்த போயிலின் விதி இப்போது அவன் உடலிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கியபடி உயர்பவனின் சுவாசப்பையையும் அவ்விதி விட்டுவைப்பதில்லை. அங்கே விரிதல் கிழிதலாய் முடியும்.

கற்றுக்கொண்ட ஒன்று நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. மூச்சை வெளியே விட்டபடி முழங்கால்களை மார்போடு மடக்கிப் புரண்டான். வளி தோளுக்கு ஏறி, வால்வினூடே குமிழிகளாய் வெளியேறிற்று.

கரையில், உடன்வந்த மூத்த சுழியோடி கடிந்துகொள்ளவில்லை. முதலில் ஈயத்தைக் குறைத்தார். சிலிண்டர் வெறுமையாகுந் தறுவாயிலும் 5 மீற்றர் ஆழத்தில் அசையாது நிற்கப் போதுமான பாரமே போதும் என்றார். எஞ்சிய பாரத்தைப் பின்னர் பகிர்ந்தார். கால் தாழ்ந்தால் பாரம் தோட்பக்கம் ஏறவேண்டும். கால் உயர்ந்தால் கீழிறங்கவேண்டும். சிலிண்டரைச் சில விரற்கடை நகர்த்துதலும் உதவும். புவியீர்ப்பு மையமும் மேலுதைப்பின் மையமும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் அமையும்போது உடல் தானே கிடையாகும்.

மறுமுறை இறங்கியவன் முதுகை நேராக்கி, முழங்கால்களை மடித்து, தலையை நிமிர்த்திக் கிடந்தான். செட்டை அசையவில்லை, உடல் தாழவுமில்லை, உயரவுமில்லை. முன்னர் அவனை அலைக்கழித்தது நீரன்று. அச்சத்தாற் சுமந்த பாரமும், அப்பாரத்தை மறைக்க ஏற்றிய வளியுமே. இரண்டும் குறைந்தபின், பாறைச் சுவர்களிடையே பரந்துகிடந்த நீலத்தை அவன் முதன்முதலாகக் கண்டான்.