மட்டாஞ்சேரிக் கடைத்தெருவும் ஒரு விண்ணப்பமும்

ஓய்வு கிடைத்த பிற்பகல்களில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் உலாவுதல் நமக்கு வழக்கம். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளுக்கிடையே சுமை இறக்கும் லாரி ஒருபுறம், விரையும் ஸ்கூட்டர் மறுபுறம். சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது சாக்கடை ஓரமே.

சென்ற மழைக்காலத்தில் இத்தெருவில்தான், கொச்சிக் கோட்டை வண்ணார் துறையில் துணி வெளுக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் மூட்டையோடு வருகையில் ஸ்கூட்டர் மோதி இடுப்பொடிந்து விழுந்தார். டச்சுக்காரர் காலத்தில் குடியேறியோரின் வழிவந்தவர் என்பர். அவருடைய மகன் நம்மிடம் விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். "அண்ணே, சைக்கிளுக்குத் தனிப்பாதையும், முப்பது கிலோமீட்டர் வரம்புக்குப் பலகையும் கேட்டிருக்கோம். கையெழுத்துப் போடுங்க."

நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர். ஆதாரம் பாராது ஒப்பமிடோம். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி எனக் கொண்டால், வேகம் குறையத் தொடங்குமுன்னரே அத்தூரம் கடந்துவிடும். 30 கி.மீ. வேகத்தில் வந்தவரோ உலர்ந்த சாலையில் அதே தூரத்திற்குள் நின்றே விடுவார். இதனால் காலம் வீணாகும் என்று வணிகர் சிலர் முறையிடுகின்றனர். கிலோமீட்டருக்கு 48 விநாடிதான் வேறுபாடு. லாரி பின்வாங்கும்போது நாம் அனைவரும் இதனினும் மிகுதியாகக் காத்திருக்கிறோம்!

ஆயினும் பலகை மட்டும் போதுமா? லண்டனில் மேடுகளும் அமைத்து 20 மைல் வரம்பு விதித்த தெருக்களை, 1986 முதல் 2006 வரையிலான கணக்கைக் கொண்டு ஆராய்ந்தனர். விபத்துகள் பொதுவாகக் குறைந்துவந்ததைக் கழித்த பின்னரும், அடிபட்டோர் தொகை சுமார் 42 விழுக்காடு குறைந்திருந்தது. பெல்பாஸ்ட் நகரின் நடுப்பகுதியில் 2016இல் பெரும்பாலும் பலகைகளை மட்டுமே நட்டனர். 2022இல் வெளியான ஆய்வு, குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லையென்றது. ரயில்வேயில் பலவீனமான தண்டவாளத்திற்கு வேகக் கட்டுப்பாடு விதித்தால், ஓட்டுநர் கையில் எழுத்தாணை உண்டு. எஞ்சினில் வேகத்தைப் பதியும் கருவியும் உண்டு. தெருவில் அவ்வாறு கண்காணிப்பவர் யார்?

தனிப்பாதைக்கோ இக்குறுகிய தெருவில் இடமில்லை. வெள்ளைக்கோடு இட்டால் மறுநாளே அதன்மேல் லாரி நிற்கும். ஆகவே அவ்வரியை அடிக்கச் சொன்னோம். பலகையுடன் வேகமேடுகளும் வேண்டுமென எழுதச் செய்து, பிறகு கையொப்பமிட்டோம். இளைஞருக்குச் சிறிது வருத்தமே.

பெரியவரைக் காணச் சென்றோம். கட்டிலில் கிடந்தபடியே, "தம்பி, சைக்கிள் ஹாண்டில்பாரை நிமித்திட்டானான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.