எட்டாயிரம் பங்குகளும் எங்கள் வீட்டுக் கணக்கும்

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் கப்பலைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பேசுவோர் குறைவு. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். அவற்றில் 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே வாங்கினார். மொத்தத்தில் ஐந்தில் ஒன்று!

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பல்களே ஓடின. ஆங்கிலேயக் கம்பெனி நெருக்கியதும், வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். (மாதக் கட்டணம் கட்டிப் பிறருடைய மென்பொருளில் கடைக்கணக்கை வைத்திருப்போர் இவ்விடத்தில் சற்றே நின்று செல்லலாம்.) அதன் பிறகுதான் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் நீராவிக் கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டன. எதிர்க்கம்பெனியோ கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிவில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது.

1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ‘காலியா’ எதிர்க்கம்பெனிக்கே விலைபோனது.

அரசின் அடக்குமுறையே இதன் முதற்காரணம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வணிகக் குடும்பத்தினராகிய நமக்கு வேறொன்றும் கண்ணில் படுகிறது. கப்பல் புதிது, பங்கு முறை புதிது. சுமையோ பெரும்பாலும் ஒரே மனிதரின் தோளில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியில் ஏஜெண்டு மாறினாலும் மறுநாள் கப்பல் புறப்பட்டிருக்கும்.

எங்கள் வாப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயமும் காய்கறியும் அனுப்பும் தொழில் அவர்களுடையது. சென்ற ஆண்டு கணினியும் ரசீது இயந்திரமும் வாங்கினோம். யாருக்கு எவ்வளவு கடன், எந்தத் தண்டல் நம்பிக்கையானவர் என்பவையெல்லாம் இன்றும் வாப்பாவின் நினைவிலேயே இருக்கின்றன. இயந்திரம் வந்தபின் ரசீது விரைவாக வருகிறது. வரவேண்டிய பாக்கி முன்போலவே தாமதமாகத்தான் வருகிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதைச் சுட்டிக்காட்டித்தான் காக்கா பேச்சைத் தொடங்கினார்கள். வாப்பா மறுக்கவில்லை. இப்போது நாள்தோறும் அஸருக்குப் பின் அவர்கள் சொல்லச் சொல்ல, தங்கை தட்டச்சு செய்கிறாள். கூட்டு ஒப்பந்தத்தில் லாத்தாவின் பெயரும் தங்கையின் பெயரும் சேர்ந்துவிட்டன. கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கவேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.