டிசம்பர் 25

காலையிலிருந்து டைம்லைன் முழுக்க கேக்கும் குடிலும்தான். நடுநடுவே வாஜ்பாய் பிறந்தநாள் (1924), ராஜாஜி நினைவுநாள் (1972). சாப்ளின் 1977இல் கண்மூடியதும் இதே நாளில்தான். நியூட்டனையும் சேர்த்துவிடுகிறார்கள், பழைய நாட்காட்டிப்படி சரி, இன்றைய கணக்கில் அவர் பிறந்தது 1643 ஜனவரி 4. போகட்டும்.

எனக்கு இந்தத் தேதி என்றால் 1968, கீழ்வெண்மணி. அந்தக் கிராமத்து விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான். அன்றிரவு மிராசுதார்களின் அடியாட்கள் வந்தபோது, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒண்டிக்கொண்டார்கள். கூரைக் குடிசை. குனிந்துதான் நுழைந்திருப்பார்கள். அதற்குத்தான் தீ வைத்தார்கள். 44 பேர். பட்டியலில் பெயர்களைவிட வயதுகளைப் படிக்கத்தான் முடியவில்லை.

கீழ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தனை பெரிய பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம். தீர்ப்பிலேயே இருக்கிறது, வேண்டுமானால் தேடிப் படியுங்கள்.