பல்லைத் தாண்டிப் பார்த்தவன்

தர்மபுரிப் பக்கம் குழந்தை டாக்டராக இருக்கிறேன். என்னிடம் வந்த தாய்மார்களிடம் பல வருஷம் ஃபுளோரைடு வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. தேடிப் பார்க்கவும் இல்லை. டாக்டர் சொன்னார் என்று அவர்கள் நம்பினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கம் ஃபுளோரைடுக்கு நல்ல பெயர் கிடையாது. போர் தண்ணீர் குடித்து வளர்ந்து பல் பழுப்பேறியவர்கள் நாங்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்களை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். முதுகு விறைத்துப்போய், குனிந்து செருப்பை எடுக்க முடியாத பெரியவர்களையும் பார்க்கலாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதிலிருந்து தப்பத்தான். அப்படிப்பட்ட ஊரில் குழந்தையின் பல்லில் அதே ஃபுளோரைடைப் பூசுகிறேன் என்று ஒரு பல் டாக்டர் சொன்னால், அம்மா என்னிடம்தான் ஓடி வருவார். "பூசலாமா சார்?" "இருக்கறது பத்தாதாம்மா? பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும், விடுங்க." அவர் முகத்தில் நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைக் கொடுப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

நான் சொன்னது இரண்டுமே தப்பு.

பல்லைக் கறையாக்குவது, நிரந்தரப் பல் ஈறுக்குள்ளே உருவாகும் வயதில் நாள்தோறும் வயிற்றுக்குள் போகும் ஃபுளோரைடு. வார்னிஷ், முளைத்த பல்லின் மேல் பூசுவது. எச்சில் பட்டதும் இறுகி ஒட்டிக்கொள்ளும். இனிப்பைத் தின்னும் கிருமிகள் விடும் அமிலம் எனாமலிலிருந்து உறிஞ்சிய கால்சியம் திரும்பப் படிய அது உதவும். கணக்காவது போட்டிருக்கலாம். பால் பல் முழுவதற்கும் தேவைப்படுவது கால் மில்லி. அதில் ஃபுளோரைடு ஏறக்குறைய 5.6 மில்லிகிராம். அத்தனையையும் குழந்தை விழுங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கிணற்றுத் தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் இரண்டு நாளில் அதே அளவு உள்ளே போய்விடும். வார்னிஷ் பூசுவதோ வருஷத்துக்கு இரண்டு முதல் நான்கு முறை. ஜுர மருந்தை எடைக்குத் தக்கபடி சொட்டுச் சொட்டாகக் கணக்கிட்டு எழுதுகிற எனக்கு, இந்தப் பெருக்கல் ஒரு நாளும் தோன்றவில்லை.

பால் பல் விழும் என்பது சரி. கடைவாய்ப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும் என்பதை நான் சொன்னதில்லை. மூன்று வயதில் சொத்தையானால் மிச்ச வருஷங்கள் அந்தப் பிள்ளை எதை வைத்து மெல்லும்?

தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பல் முளைத்ததிலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் வார்னிஷ் பூசலாம், அதைக் குழந்தை டாக்டர்களும் குடும்ப டாக்டர்களுமே செய்யலாம் என்று 2014-இல் அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பால் பல்லில் சொத்தை சராசரியாக 37 சதவீதம் குறைவதாகச் சொன்னது. இரண்டையும் படித்தேன். பல் சமாச்சாரம் பல் டாக்டர்களுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

பல்லைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத்தான் அதிகம். குழந்தை பல் டாக்டரிடம் போவது வலி வந்த பிறகு. என்னிடம் வருவது தடுப்பூசிக்கு, சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு. ஒவ்வொரு முறையும் குச்சியால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பேன். வெளிச்சம் பல்லைத் தாண்டித்தான் போகும். மேல் முன்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குழி விழாத அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிட முடியும். கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும் என்பதால் மேல் உதட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். நான் தூக்கவில்லை. தூக்கினால் கேள்வி வரும், வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி தூங்கும் முன் கொடுக்கச் சொல்லி இனிப்பு சிரப் எழுதியவனும் நான்தான். கொடுத்த பிறகு வாயைத் துடையுங்கள் என்று சொன்னதாக நினைவில்லை.

நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. மயக்கத்தைத் தாங்குவான் என்று சான்று எழுதுவதற்காக என்னிடம் அழைத்து வந்தார்கள். கைக்குழந்தையிலிருந்து என்னிடம் வந்த பையன். மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து வேர்தான் மிச்சம். "தூங்கறப்போ புட்டிப் பால் குடுத்தேன் சார், எல்லாம் என் தப்பு" என்று அம்மா அழுதார். வார்னிஷ் வேண்டாம் என்று இவருக்கும் சொல்லியிருந்தேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை, எனக்கு இருந்தது. "இனிமே புட்டி குடுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சான்றில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நானே பூசுகிறேன். குழந்தையின் தலையை என் மடியிலும் காலை அம்மா மடியிலுமாகக் கிடத்தி, பல்லைத் துணியால் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் தடவினால் இரண்டு நிமிஷ வேலை. அன்று ராத்திரி பல் விளக்க வேண்டாம், பல் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். குழி விழுந்த பல்லை இது அடைக்காது என்பதையும் சொல்கிறேன். அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே என்று மூத்த பிள்ளையின் ஞாபகத்தில் சிலர் கேட்பதுண்டு. "புது ஆராய்ச்சி வந்திருக்கும்மா" என்கிறேன். அந்த வார்னிஷ் ஜெர்மனியில் வந்தது 1964-இல். எனக்கு அதைவிட வயது குறைவு.