தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பிழைப்பை நாடி வெளியூர் வந்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும், விற்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் வகை தெரியாமல் ஒரு பழம் பொருள் இருக்கும். சிலர் வீட்டில் அது ஆட்டுக்கல். சிலர் வீட்டில் வெண்கலப் பானை. நம் வீட்டில் அது ஓர் அம்பாசடர் கார். குமாஸ்தா வீட்டில் காரா என்று அன்பர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். அதன் வயதையும் நிலையையும் கேட்டால், உயர்ந்த புருவம் தானே இறங்கிவிடும்.

நாம் கரக்பூரில் ரயில்வே குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நம் தகப்பனார் இங்குள்ள ரயில்வே பணிமனையில், பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பகுதியில் ஃபிட்டராக இருந்தவர். 2012ஆம் ஆண்டில், பணியில் இருக்கும்போதே காலமானார். மறு ஆண்டு கருணை அடிப்படையில் நமக்கு வேலை கிடைத்தது. ஸ்பேனர் பிடித்தவரின் மகன் பேனா பிடித்தான். இளையவனான நம் தம்பி பட்டயப் படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

2004இல் செய்யப்பட்ட அந்தக் காரைத் தகப்பனார் 2009இல் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் மூன்றாம் வரிசையை ஒட்டி, நம் வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து செய்யப்பட்டு வந்த வண்டி அது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோயிற்று. சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு பதிவு. அதன்பின் ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத் தகுதி என்று சொன்னால் ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிப்பு. 2019இல் ஒரு முறை நீட்டித்தாயிற்று. 2024 நவம்பரில் மறு தவணை வந்தது.

அதற்கு முன்பே வண்டிக்கு ஒரு நோய் கண்டிருந்தது. இடப்புறப் பின்பக்கம் தாழ்ந்து நின்றது. நேராக ஓட்டினாலும், பின்னால் வருபவர்களுக்கு வண்டி நண்டு போல ஒருக்களித்துச் செல்வதாகத் தோன்றிற்று. நாம் எப்போதும் காட்டும் கிழ மிஸ்திரி குனிந்து பார்த்தார். அவரை ஊரே சாச்சா என்று அழைக்கும். “பாபு, கமானி போய்விட்டது. அதைப் பிடித்திருக்கும் இடமும் துருவேறிவிட்டது. பின் அச்சு முழுவதையும் இறக்க வேண்டும். எனக்கு இப்போது தரையில் படுக்க உடம்பு இடங்கொடுக்காது. நீங்கள் கழற்றுங்கள், நான் நாற்காலியில் இருந்து சொல்கிறேன்” என்றார்.

அந்த ஆண்டுத் துர்க்கா பூஜை விடுமுறைக்குத் தம்பி வந்திருந்தான். அவனுடைய அபிப்பிராயம் வேறு. “அண்ணா, இதை எடைக்குப் போட்டுவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னைக்கு மாற்றல் கேளுங்கள்” என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அப்பாவின் ஸ்பேனர் பையை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

சில கார்களில் பின்புறத்துக்கென்று தனியே ஓர் இரும்புச் சட்டம் உண்டு. சக்கரமும் ஸ்பிரிங்கும் அதிலே பூட்டியிருக்கும். சில போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமாக இறங்கிவிடும். அம்பாசடரில் அந்த வசதி இல்லை. சட்டம் தனி, உடல் தனி என்றும் இல்லை, உடலே சட்டம். வில்போல் வளைந்த பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங் பக்கத்துக்கு ஒன்று. அதன் முன்முனை உடலில் ஒரு போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கும்; பின்முனை ஷாக்கிள் என்னும் ஆடும் கொண்டியில் தொங்கும். நடுவில் பின் அச்சை யூ வடிவ போல்ட்டுகள் ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடித்திருக்கும். வண்டியின் பின்பாரமெல்லாம் இந்த மாட்டுமிடங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அவற்றில் துரு ஏறினால் வீட்டுத் தூணில் கறையான் ஏறினாற்போலத்தான்.

வேலை தொடங்குமுன் நாம் ஒரு மரக்கடைக்குப் போய், ஏலத்தில் வந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகள் இரண்டை ரசீதோடு வாங்கி வந்தோம். ரயில்வே குமாஸ்தா வீட்டில் ஸ்லீப்பர் கட்டை கிடந்தால் ரசீதும் கூடவே கிடக்க வேண்டும் அல்லவா? அகலப்பாதைக் கட்டை 275 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 13 கனம். ஒன்றை ஆறு துண்டாக அறுத்து, இரண்டு நெடுக்கே, இரண்டு குறுக்கே, மீண்டும் இரண்டு நெடுக்கே என்று அடுக்கினால் 39 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை கிடைக்கும். இரண்டு கட்டைக்கு இரண்டு மேடை. கூலி ஆட்களை வைத்து அவற்றை இறக்கியதைக் கண்டு தம்பி சிரித்தான். “புது ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கிறது. ஒரு காருக்கு இத்தனை கட்டையா? இது குமாஸ்தா புத்தி” என்றான்.

குமாஸ்தா புத்தி என்றால் அதுதான். நாம் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டோம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் எண். எந்த இடம், எத்தனை வாஷர், எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று ஒரு வரி. எண் எழுதிய டப்பாவில் அந்தச் சாமான். அம்மாவின் காலி நெய் டப்பாக்கள் எல்லாம் அன்றைக்கு உத்தியோகம் பெற்றன.

முன் சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, பின்புறத்தைத் தூக்கி, இரு மேடைகளின்மேல் இறக்கினோம். சக்கரங்கள் வந்தன. அச்சைச் சுழற்றும் நீண்ட ஷாஃப்ட்டின் தட்டில் இரு பக்கமும் சேர்ந்தாற்போல் உளியால் ஒரு கோடு கீறச் சொன்னார் சாச்சா. எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் ஓடும்போது அதிரக்கூடும் என்றார். பிரேக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் மரமுளை அடித்தோம். கைப்பிரேக் கம்பியும் ஷாக் அப்சார்பரும் கழன்றன. அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து யூ போல்ட்டுகளை அவிழ்த்தபோதுதான் நண்டு நடையின் ரகசியம் வெளிப்பட்டது. ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்து நிற்கும் நடுபோல்ட் ஒன்று உண்டு. அதன் தலை அச்சின் பீடத்திலுள்ள குழியில் அமர்ந்து, அச்சை இடம் பெயராமல் காக்கிறது. இடப்புறத்தில் அது முறிந்திருந்தது. முன்பு எவரோ வேலை செய்துவிட்டு யூ போல்ட்டை அரைகுறையாக முறுக்கி விட்டதன் பலன். அச்சு இரண்டு விரற்கடை பின்வாங்கியிருந்தது.

இனி மிஞ்சியது இடப்புற ஸ்பிரிங்கின் முன்முனை போல்ட். அது புஷ்ஷோடு ஒன்றாகத் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. அந்தப் பக்கத்துப் பாரத்தைச் சற்றே குறைத்தால் இளகும் என்று, ஜாக்கியால் உடலை இரண்டு விரல் உயர்த்தினோம். தம்பி கீழே நுழைந்தான். மேடை அவன் முழங்கையை இடித்தது.

“அண்ணா, இந்த அடுக்கை இழுத்துவிடுங்கள். சம்மட்டி ஓங்க இடமில்லை. ஜாக்கிதான் தாங்குகிறதே!”

இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. நம் கை மேல்கட்டையைப் பற்றிவிட்டது. அந்நேரத்தில் சிறு வயதில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் விசுவகர்ம பூஜையன்று தகப்பனார் எங்கள் இருவரையும் பணிமனைக்கு அழைத்துப் போவார். ரயில் பெட்டியின் உடலைத் தூக்கி, அடியிலுள்ள போகியை உருட்டி எடுக்கும் இடத்தை ஒரு முறை காட்டினார். தூக்கிய பெட்டியைத் தாங்கு கால்கள்மேல் இறக்கும்வரை ஒருவரும் அதன்கீழ் தலை நீட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். “தூக்குவது வேறு, தாங்குவது வேறு. தூக்கினதை நம்பிக் கீழே போகாதே” என்றார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

நாம் அடுக்கை எடுக்கவில்லை. ஒரு சாண் முன்னே மட்டும் நகர்த்தினோம். தம்பிக்குக் கோபம். “எல்லாவற்றிலும் பயம்! இந்தப் பயத்தினால்தான் பன்னிரண்டு வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்று கீழிருந்தபடியே சொன்னான். சுருக்கென்று தைத்தது, பதில் சொல்லவில்லை. அவன் சம்மட்டியை ஓங்கினான். மூன்றாம் அடியில் போல்ட் நகர்ந்தது. நான்காம் அடியில் ஜாக்கி சாய்ந்தது.

‘தடார்’ என்று ஒரு சப்தம். ஒரு டன்னுக்கு மேற்பட்ட அந்த வண்டி இரண்டு விரல் இறங்கிக் கட்டைமேல் நின்றது. இரண்டே விரல்தான். சாச்சா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மா வாசற்படியில் கையில் தம்ளருடன் அப்படியே நின்றார். சிறிது நேரம் கழித்துத் தம்பி தானாகவே ஊர்ந்து வெளியே வந்தான். மேடையின் மேல்கட்டையில் வண்டியின் விளிம்பு பதிந்திருந்த தழும்பைத் தடவிப் பார்த்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. நாமும் சாப்பிடவில்லை.

இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். தகப்பனார் காட்டிய காட்சியைச் சொன்னோம். “எனக்கு அப்பா ஒன்றுமே சொல்லித் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றான். அவர் இறந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. அந்த ஏக்கத்தைப் பன்னிரண்டு ஆண்டு மனத்தில் வைத்திருந்தான் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

மறுநாள் முதல் வேலை வேறு விதமாக நடந்தது. முறிந்திருந்த பட்டையை மாற்றி, தளர்ந்த பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, லாரிகளுக்குக் கமானி செய்யும் கடையில் புது நடுபோல்ட்டும் யூ போல்ட்டும் போட்டுக் கொடுத்தார்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டாங்கியை இறக்கித் தொலைவில் வைத்த பிறகே வெல்டிங் ஆளை உள்ளே விட்டோம். துருவேறிய தகட்டை வெட்டியெடுத்து, நல்ல இரும்பு தெரியும் இடம்வரை சென்று, கனத்த தகடு வைத்து ஒட்டினார். இரண்டு பூச்சு வர்ணமும் அடித்தோம்.

பூட்டும்போது சாச்சா ஒரு பாடம் சொன்னார். ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ்கள் உள்ளன. வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே அந்த போல்ட்டுகளை முழுதும் முறுக்கிவிட்டால், பாரம் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே கையளவு இறுக்கம் மட்டும் வைத்து, சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, பாரம் ஏற்றி, இரண்டு முறை அசைத்துவிட்டு, அதன் பிறகே கடைசி முறுக்கு. யூ போல்ட்டுகளையும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாகாது. மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, உள்ளே ஒருவர் பெடலை அழுத்த வேண்டும். அம்மாவை அழைத்தோம். ஓட்டுநர் ஆசனத்தருகே வந்து, “அது உங்கள் அப்பா இடம்” என்று தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். தம்பி கீழிருந்து “அழுத்துங்கள்” என்பான், திருகைத் திறப்பான், குமிழியோடு எண்ணெய் வரும், மூடிவிட்டு “விடுங்கள்” என்பான். குமிழி நிற்கும்வரை அம்மா சலிக்காமல் அழுத்தினார். “உங்கள் அப்பாவுக்கு இப்படி உதவி செய்ததே இல்லை, அவர் கூப்பிட்டதும் இல்லை” என்று சொல்லிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் நோட்டுப் புத்தகத்தைச் சரிபார்த்தால், ஒரு டப்பாவில் ஒரு நட்டு மிச்சம்! “ஒரு நட்டுதானே” என்று முந்தைய தம்பியாக இருந்தால் சொல்லியிருப்பான். இப்போது அவனே எண்ணைப் பார்த்து, கைப்பிரேக் கம்பியைப் பிடிக்கும் கவ்வியினுடையது என்று கண்டுபிடித்து, மறுபடி கீழே படுத்துப் பூட்டினான். அம்மா பூக்கட்டும் நூலை முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை பிடித்து இருபுறமும் அளந்தோம். இரண்டும் ஒன்றே. நண்டு நடை ஒழிந்தது. இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கினோம். நவம்பரில் ஆய்வாளர் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, ஐந்தாண்டு கொடுத்தார்.

தம்பி அதற்கு முன்பே கோரமண்டலில் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டான். காரை விற்கும் பேச்சை அவன் எடுக்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, “அண்ணா, அந்தக் கட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்” என்றான்.

கட்டைகள் இன்றும் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன. நம் அன்பர்களில் பலர் வீட்டில் சொந்த வண்டி வைத்திருக்கிறீர்கள். சக்கரம் மாற்றவோ எண்ணெய் மாற்றவோ கீழே குனிகிறீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே ஏற்பட்டது. தாங்குவதற்கு வேறொன்றை வைத்துவிட்டு உள்ளே போங்கள். குமாஸ்தா புத்தி என்று யாராவது சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும்.