கிரிவலமும் 'கடக் கடக்'கும்

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். ஊரே வெறுங்காலில் நடக்க, மச்சினன் என்னைத் தன் பழைய மாருதியில் ஏற்றினான். முதல்நாள்தான் வீட்டு வாசலிலேயே முன்பக்க பிரேக் பேட் மாற்றியிருந்தான். எமலிங்கம் தாண்டியதும் முன்சக்கரத்தில் 'கடக்... கடக்!'

"புது பேட், அப்படித்தான் இருக்கும் மாமா."

பேட் என்றால் பிரேக் மிதிக்கும்போது 'கிரீச்'சிடும். பேரிங் போனால் வேகம் ஏற ஏற முனகும். ஆக்ஸில் ஜாயின்ட் என்றால் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்'. இதுவோ நேர் ரோட்டிலேயே அடிக்கிறது, ஸ்டீயரிங்கும் ஆடுகிறது. சக்கரம் கழன்று ஓடினால் முன்னால் நடக்கிற பாட்டிகள் கதி?

நிறுத்தச் சொன்னேன். நாலு நட்டில் மூன்று விரலாலேயே சுழன்றன! (கோயில் தேருக்குக்கூட முட்டுக்கட்டையோடு ஆள் வருவான், சார்.) ஜாக்கி போட்டு, எதிரெதிர் நட்டாக முடுக்கி, இறக்கியபின் மறுபடி இறுக்கினோம். நிருதிலிங்கத்தில் இன்னொரு சோதனை.

சத்தம் நின்றது. மச்சினன்தான், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கத்தினான்.