நீச்சல்குள ஹீட்டரும் நாலு வயரும்

ட்ரிப்பிள் ஈ படிச்சுட்டு பொட்டி தட்டுறவன் நான். டெக்சாஸ்ல வாங்கின வீட்டோட நீச்சல்குளமும் சேர்ந்து வந்துச்சு. "ஹீட்டர் இல்லாம பொண்ணை இறக்க மாட்டேன்"னு தங்கமணி சொல்லிட்டாங்க. 240 வோல்ட், 50 ஆம்ப்ஸ் கேக்குற சாமான். அதுக்கு வெளியில தனியா ஒரு சப்பேனல் வேணும்.

சிட்டியில பர்மிட் வாங்கி, 811க்கு போன் போட்டு (மண்ணுக்குள்ள கேஸ், கரண்ட் லைன் போற இடத்தை இலவசமா குறிச்சுக் குடுப்பாங்க), 18 இஞ்ச் ஆழத்துல பிவிசி பைப் பதிச்சாச்சு. அதெல்லாம் முதுகுவலி சமாச்சாரம். விஷயமே பேனலுக்குள்ளதான்.

மெயின் பேனல்லேருந்து நாலு வயர் வரும். ரெண்டு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். மெயின்ல நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணா கட்டியிருக்கும். சப்பேனல்ல ரெண்டையும் சேர்க்கவே கூடாது. நியூட்ரல்ல எப்பவும் கரண்ட் திரும்பி ஓடும். எர்த் சும்மா கிடக்கணும், ஏதாவது பழுதானா மட்டும்தான் அதுல ஓடணும். சேர்த்துட்டா, திரும்புற கரண்ட்ல ஒரு பங்கு எர்த் வழியாவும் போகும். அதோட சேர்ந்திருக்குற இரும்புலயும் கொஞ்சம் வோல்டேஜ் ஏறும். ஈரக்காலோட தொடுறவங்களுக்கு அந்தக் கொஞ்சமே ஜாஸ்தி.

இதுல கொடுமை என்னன்னா, தப்பா கட்டினாலும் ஹீட்டர் ஜோரா ஓடும்! நம்ம புரோகிராம் மாதிரி எர்ரர் மெசேஜ் எல்லாம் வராது. அதான் 5 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சாலே விழுந்துடுற ஜிஎஃப்சிஐ பிரேக்கரும் போட்டு, இன்ஸ்பெக்டர் பார்த்து கையெழுத்து போட்டப்புறம்தான் ஸ்விட்சையே தொட்டேன்.

கோட்ல பக் இருந்தா நாளைக்கு பேட்ச் விட்டுக்கலாம் மக்கா. இங்க தண்ணியில நிக்கப்போறது மூணு வயசுப் பொண்ணு.